கலைவாணர் காட்டிய விடாமுயற்சி



வெற்றி பெற்ற பெரியோர்களைப் பற்றிப் பேசுவோர், அவர்கள் ஏறி நின்ற சிகரத்தை விரிவாகக் காட்டுவர். வழியில் அவர்கள் இடறி விழுந்த இடங்களை ஓரிரு சொற்களில் கடந்துவிடுவர். விழுந்தது ஒரு நொடி, எழுந்தது மறுநொடி என்பதுபோல் கதை ஓடிவிடும். கேட்கின்ற இளைஞனோ, "அவர்கள் பெரியவர்கள், எழுந்துவிட்டார்கள், என்னால் இயலுமா?" என்று ஐயுறுகிறான். ஆகவே தோல்வி, விடாமுயற்சி, வெற்றி ஆகிய மூன்றையும் ஒரு மனிதரின் வாழ்க்கையை முன்னிறுத்திச் சற்று நிதானமாக ஆராய்வோம். அதற்காக நான் தேர்ந்துகொண்டவர் அறிஞரோ ஆட்சியாளரோ போர்வீரரோ அல்லர். ஒரு நகைச்சுவை நடிகர். கலைவாணர் என்று தமிழ்நாடு அன்போடு அழைத்த என். எஸ். கிருஷ்ணன் அவர்களே அவர்.

தோல்வியைப் பற்றி அறிந்துகொள்ள நகைச்சுவை நடிகரிடம் போவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. உழவர் விதைத்துவிட்டு அறுவடை வரையில் காத்திருக்கிறார். மாணவர் தேர்வு எழுதிவிட்டுப் பல வாரங்கள் கழித்தே முடிவை அறிகிறார். நகைச்சுவை நடிகருக்கோ இத்தகைய தவணை எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னவுடன் அவையோர் சிரிக்க வேண்டும். சிரிக்கவில்லையென்றால் அந்தக் கணமே அவர் தோற்றுவிட்டார். துன்பக் காட்சியில் அவை மௌனமாக இருந்தால் அதை உருக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். நகைச்சுவைக் காட்சியில் நேரும் மௌனத்திற்கு அப்படிப்பட்ட சமாதானம் ஏதும் இல்லை. தோல்வியை ஒவ்வோர் இரவும் நேருக்கு நேர் சந்திக்கின்ற தொழில் அது.

உலகப் புகழ் பெற்ற சார்லி சாப்ளினும் இதற்கு விலக்கானவர் அல்லர். 1889ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்து, வறுமையில் வளர்ந்த அவர், இளம்பருவத்தில் அந்நகரத்து அரங்கு ஒன்றில் தனியாக நின்று வேடிக்கை பேசிச் சிரிக்கவைக்க முயன்றார். அவையோர் சிரிக்கவில்லை. காசுகளையும் ஆரஞ்சுப் பழத்தோல்களையும் அவர்மீது எறிந்தனர். இந்த நிகழ்ச்சியை, 1964ஆம் ஆண்டில் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் சாப்ளினே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தத் தோல்வியிலிருந்து அவர் அறிந்துகொண்டது என்ன? அவையை நோக்கித் துணுக்குகளைச் சொல்லிச் சிரிக்கவைக்கும் ஆற்றல் தம்மிடம் இல்லை. ஒரு பாத்திரமாகவே மாறி, அதன் நடையாலும் செயலாலும் சிரிக்கவைப்பதே தமக்கு இயல்பு என்பதை அறிந்தார். 1914ஆம் ஆண்டில், தொளதொளத்த கால்சட்டையும் சிறிய தொப்பியும் கைத்தடியுமாக அவர் திரையில் தோன்றியபோது, உலகமே அந்தப் பாத்திரத்தை அடையாளம் கண்டுகொண்டது. தோல்வி அவரை நோக்கி, "நீ உதவாதவன்" என்று சொல்லவில்லை. "இது உன் வழி அன்று" என்றுதான் சொல்லிற்று. இவ்விரண்டு செய்திகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உணர்வதே முதற் பாடமாகும்.

இனி நம் கலைவாணரிடம் வருவோம். அவர் 1908ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் அடங்கியிருந்தது. ஏழைக் குடும்பம், பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. சிறு வயதிலேயே கூலி வேலைகள் செய்து பிழைக்க வேண்டியிருந்தது. நாஞ்சில் நாட்டுக் கோயில் விழாக்களில் ஒலித்த வில்லுப்பாட்டும், ஊர் ஊராக வந்து முகாமிட்ட நாடகங்களும் அவருக்குப் பள்ளிக்கூடமாயின. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் அவர் சேர்ந்தார்.

அக்காலத்து 'பாய்ஸ் கம்பெனி' என்னும் சிறுவர் நாடகக் குழுக்களைப் பற்றி இன்றைய மாணவர்கள் அறிந்திருப்பது நன்று. பகலெல்லாம் பாடமும் ஒத்திகையும், இரவெல்லாம் நாடகம். ஓர் ஊரில் சில வாரங்கள் தங்கி நடிப்பார்கள். வருவாய் குறைந்ததும் மூட்டை கட்டி அடுத்த ஊருக்குச் செல்வார்கள். இனிய குரல் உடைய சிறுவனுக்கே முதன்மை வேடம் கிடைக்கும். ஆனால் பதினான்கு, பதினைந்து வயதில் குரல் உடையும். மகரக்கட்டு என்று அதற்குப் பெயர். நேற்றுவரையில் இராஜபார்ட்டாக நின்று கைதட்டல் பெற்ற சிறுவன், அதன்பின் சேவகன் வேடத்தில் ஓரமாக நிற்பான். அல்லது வீடு திரும்பிவிடுவான். அவன் செய்த பிழை எதுவும் இல்லை. இயற்கை தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான். இத்தகைய இடத்தில் வளர்ந்தவர்களுக்கு, ஒரே ஒரு திறமையை மட்டும் நம்பியிருத்தல் ஆபத்து என்பது சொல்லாமலே விளங்கிவிடும். குரல் போனால் பேச்சு வேண்டும். பேச்சு எடுபடாவிட்டால் எழுதத் தெரிய வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, மனிதர்களைக் கூர்ந்து கவனிக்கும் கண் வேண்டும்.

பேசும் படங்கள் வந்த காலத்தில், 1935ஆம் ஆண்டில் வெளியான 'மேனகா', 1936ஆம் ஆண்டில் வெளியான 'சதி லீலாவதி' ஆகிய படங்களின் வழியாகக் கிருஷ்ணன் திரைக்கு வந்தார். 'வசந்த சேனா' என்ற படத்தில் நடிக்கையில் டி. ஏ. மதுரம் அம்மையாரைச் சந்தித்தார். இருவரும் வாழ்க்கையிலும் கலையிலும் இணைந்தனர். அந்நாளைப் படங்களில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் கதையோடு ஒட்டாத தனிப்பகுதியாக இருக்கும். அப்பகுதியைத் தம் குழுவினரோடு தாமே அமைத்து, தாமே எழுதி, படத்தில் சேர்க்கும் வழக்கத்தை இவர் கைக்கொண்டார். மதுவின் கேடு, தீண்டாமையின் கொடுமை, மூடப் பழக்கத்தின் அறியாமை ஆகியவற்றை, கேட்போர் மனம் புண்படாமல் சிரித்துக்கொண்டே உணரும் வகையில் புகுத்தினார். 1944ஆம் ஆண்டில் அவர் புகழின் உச்சியில் இருந்தார் என்பதில் ஐயமில்லை.

அவ்வாண்டு தீபாவளிக்கு, எம். கே. தியாகராஜ பாகவதர் நாயகராக நடித்த 'ஹரிதாஸ்' வெளியாயிற்று. கிருஷ்ணனும் மதுரமும் அதில் நடித்திருந்தனர். அது சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது தமிழ்த் திரை வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. தீபாவளியை வைத்தே ஆண்டைக் கணக்கிடுவது சிவகாசி, நாரணாபுரம் போன்ற எங்கள் பட்டாசு வட்டாரத்தின் வழக்கம். அந்தக் கணக்கிலேயே அடுத்து நிகழ்ந்ததைச் சொல்கிறேன். முதல் தீபாவளியின்போது கிருஷ்ணன் மக்களிடையே மகிழ்ச்சியாக இருந்தார். அடுத்த இரண்டு தீபாவளிகளின்போதும் அரங்கில் அவரைக் கண்டு மக்கள் சிரித்துக்கொண்டிருக்க, அவர் சிறைச்சாலைக்குள் இருந்தார்.

நிகழ்ந்தது இதுதான். நடிகர்களைப் பற்றி அவதூறு எழுதி வந்த 'இந்துநேசன்' என்ற பத்திரிகையின் ஆசிரியர் இலட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் டிசம்பரில் கைது செய்யப்பட்டனர். 1945ஆம் ஆண்டு மே மாதத்தில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்துகொண்ட மேல்முறையீடும் பயன் தரவில்லை. பின்னர் வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரையில் சென்றது. அதன் ஆணைப்படி உயர்நீதிமன்றம் மீண்டும் விசாரித்து, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. ஆனால் அதற்குள் அவர்கள் வாழ்வில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. தேடிய பொருள் கரைந்துவிட்டது. ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போயின. நேற்றுவரையில் நாட்டையே சிரிக்கவைத்தவர், கொலைக் குற்றவாளி என்று பெயர் சுமந்தார். இதைவிடப் பெரிய வீழ்ச்சி ஒரு நடிகருக்கு நேர முடியாது.

இந்த இரண்டு ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது என்பதை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். விடாமுயற்சி என்றவுடன், பல்லைக் கடித்துக்கொண்டு தனியே போராடும் ஒரு மனிதரின் உருவமே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ஆனால் சிறைக்குள் இருந்த கிருஷ்ணன் அப்போது என்ன முயற்சி செய்திருக்க முடியும்? அவர் கைகள் கட்டப்பட்டிருந்தன. முயன்றவர்கள் வெளியே இருந்தவர்கள். மதுரம் அம்மையார் வீட்டில் முடங்கிவிடவில்லை. நடிகர் எஸ். வி. சகஸ்ரநாமம் உறுதுணையாக நிற்க, கிருஷ்ணனின் பெயரிலேயே நாடக சபை நடைபெற்றது. அந்த மேடையில் 'பைத்தியக்காரன்' என்ற நாடகம் நடிக்கப்பட்டது. வழக்குச் செலவும் நடக்க வேண்டும். நடிகர்களின் குடும்பங்களும் பிழைக்க வேண்டும். கலைஞரின் பெயரும் மக்கள் நினைவிலிருந்து மறையாமல் இருக்க வேண்டும். இந்தப் பாரத்தைத் தோழர்கள் பகிர்ந்து சுமந்தனர். பின்னர் அந்த நாடகம் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைப்படமாயிற்று. படம் 1947ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. விடுதலையாகி வந்த கிருஷ்ணனும் அதில் தோன்றினார். அவர் திரும்பி வந்து நிற்பதற்கு ஒரு மேடை ஆயத்தமாக இருந்தது. விழுந்தவர் எழுந்தார் என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். எழுவதற்குரிய தரையைச் சிலர் அவருக்காகக் காத்து வைத்திருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்தவர், நேர்ந்ததை மறைக்க முயலவில்லை என்பதும் கருதத்தக்கது. அப்படத்தில், சிறைக்குச் சென்று வந்தவர்களைப் பற்றியே ஒரு வேடிக்கைப் பாட்டைப் பாடினார். ஊரார் தம் முதுகுக்குப் பின்னால் பேசக்கூடிய ஒன்றை, அவரே அவை முன்னால் எடுத்து வைத்துச் சிரித்தார். அதன்பின் அதைச் சொல்லி அவரை நோகச் செய்ய எவராலும் இயலவில்லை. தன் துன்பத்தைத் தானே சொல்லிச் சிரிக்க முடிந்தவன், அத்துன்பத்தின் பிடியிலிருந்து பாதி விடுபட்டுவிட்டான் என்றே கொள்ளலாம்.

பின்னர் வந்த ஆண்டுகளில் அவர் பழைய இடத்தை மீண்டும் பெற்றதோடு நில்லாமல், புதிய துறைகளிலும் புகுந்தார். 1949ஆம் ஆண்டில், அறிஞர் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படத்தில் நாயகராக நடித்தார். 1951ஆம் ஆண்டில் 'மணமகள்', 1952ஆம் ஆண்டில் 'பணம்' ஆகிய படங்களை இயக்கினார். 'நல்லதம்பி'யில் இடம்பெற்ற அவருடைய 'கிந்தனார்' காலட்சேபத்தை மாணவர்கள் அவசியம் கேட்க வேண்டும். நந்தனார் சரித்திரத்தைச் சொல்லும் காலட்சேப முறையை அப்படியே கைக்கொண்டு, தில்லையைக் காண ஏங்கிய நந்தனுக்குப் பதிலாக, பட்டணம் சென்று கல்வி கற்க ஏங்கும் கிந்தன் என்ற ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவனை அதில் நாயகனாக்கினார். தடைகளைக் கடந்து அவன் படித்து உயர்கிறான். பள்ளிப் படிப்பைத் தொடர வாய்ப்பில்லாத ஒருவர், கல்வியின் பெருமையை இவ்வாறு பாடினார். தமக்குக் கிட்டாத ஒன்றை இகழ்ந்து பேசாமல், பிறருக்கு அது கிட்ட வேண்டும் என்று விரும்பினார். தோல்வியைக் கசப்பாக மாற்றிக்கொள்ளாத மனத்திற்கே இது கைகூடும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது; அதைத் தவிர்த்துச் செல்வது நேர்மை ஆகாது. அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாளில் விடுதலை. எனினும் பாகவதர் பழைய புகழை மீண்டும் அடையவில்லை. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராஜமுக்தி' முதலாகப் பின்னாளைய படங்கள் எவையும் முன்போன்ற வெற்றியைத் தரவில்லை. 1959 நவம்பரில் அவர் மறைந்தார். அப்படியானால் பாகவதரிடம் விடாமுயற்சி இல்லை என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. அவரும் பாடினார், நடித்தார், படங்களைத் தயாரித்தார். 1957ஆம் ஆண்டில் வெளியான 'புது வாழ்வு' படத்தைத் தாமே இயக்கவும் செய்தார்.

மாறியது காலம். 1930களிலும் 40களின் முற்பகுதியிலும் தமிழ்ப் படம் என்றால் பாட்டு. புராணக் கதை, பக்திக் கதை. நாடு விடுதலை பெற்றதை ஒட்டிச் சுவை மாறிற்று. 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி' என, சமூகக் கதையும் வசனமும் மேலோங்கின. நாயகனே பாட வேண்டும் என்ற நிலை போய், பின்னணிப் பாடகர்கள் பாட, நடிகர்கள் வாயசைக்கும் முறை நிலைபெற்றது. பாகவதரின் பெருஞ்செல்வம் அவருடைய குரல். அந்தச் செல்வத்திற்குரிய சந்தை சுருங்கிற்று. கிருஷ்ணனின் செல்வம் பேச்சும், சமூகத்தைப் பற்றிய சிந்தனையும். அவற்றிற்குரிய சந்தை விரிந்தது. ஒருவருக்கு எதிராக வீசிய காற்று மற்றவருக்குப் பின்னாலிருந்து வீசியது.

இதனால் நாம் அறிய வேண்டியது என்ன? முயற்சி செய்தவர் அனைவரும் வெற்றி பெறுவர் என்று உங்களுக்கு உறுதி கூறுவது பொய்யாகும். வெற்றி பெறாதவர் அனைவரும் முயலாதவர்கள் என்று தீர்ப்புக் கூறுவது அதைவிடப் பெரிய பொய். வள்ளுவர் பெருமான் இதை நன்கு அறிந்திருந்தார். ஊழ் என்று ஓர் அதிகாரத்தை 38ஆவது இடத்தில் வைத்தார். ஆள்வினையுடைமை என்று விடாமுயற்சியின் சிறப்பை 62ஆவது அதிகாரத்தில் பாடினார். அதோடு முடித்துவிடவில்லை. அதற்கு அடுத்த அதிகாரமாகவே இடுக்கணழியாமையை அமைத்து, துன்பம் வந்த காலத்தில் மனம் கலங்காமல் சிரிக்குமாறு அறிவுறுத்தினார். அந்த வரிசையை எண்ணிப் பாருங்கள். முயற்சி உடையவனுக்கும் இடுக்கண் வரும் என்பதனால் அன்றோ, முயற்சியை அடுத்து இடுக்கணழியாமை வேண்டியிருக்கிறது! வள்ளுவர் சொன்ன சிரிப்பு, ஏளனச் சிரிப்பன்று. "இதுவும் கடக்கத்தக்கதே" என்று தெளிந்த உள்ளத்தின் சிரிப்பு. 1956ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராஜா ராணி' படத்தில், சிரிப்பின் வகைகளையே ஒரு பாடலாகப் பாடிச் சிரித்துக் காட்டினார் கலைவாணர். இவ்வளவு துன்பங்களையும் கண்டபின் சிரித்த சிரிப்பு அது என்பதை நினைவிற்கொண்டு அதைக் கேட்டுப் பாருங்கள்.

அவருடைய இறுதி ஆண்டுகளிலும் பொருள் நெருக்கடி இருந்தது. கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லாத கை அது. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், 50 வயதும் நிறையாமல் அவர் மறைந்தார். கையில் இருந்த பணத்தைக் கொண்டு அளந்தால் அதை வெற்றி என்று கூற இயலாது. ஆனால் சென்னை வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெற்றியை எந்த அளவுகோலால் அளப்பது என்பதும் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்களுள் ஒன்று.

மாணவர்களே, ஆசிரியப் பணியில் பல்லாண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உங்களுக்கு நேரடியாகச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். எங்கள் விருதுநகர் மாவட்டம், பொதுத் தேர்வுகளின் தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தின் முதலிடத்தில் இருந்தது. அது எங்களுக்குப் பெருமை. ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. நூற்றுக்கு எழுபது பேர் தேறும் இடத்தில் தவறியவனுக்கு, அவனைப் போன்றோர் இருபத்தொன்பது பேர் துணை இருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாரும் தேறிவிடும் இடத்தில் தவறிய பிள்ளை, தனியே நிற்கிறது. அன்று தெருவெல்லாம் மிட்டாய் வழங்கப்படும். ஒரு வீட்டின் கதவு மட்டும் சாத்தியிருக்கும். 'நமுத்த வெடி' என்று அந்தப் பிள்ளையைக் கேலி பேசும் வாய்களும் உண்டு.

வெடிமருந்தோடு வாழ்கின்ற எங்கள் ஊராருக்கு நான் சொல்வது இதுதான். வெடிக்கு ஒரு திரி, ஒரு முறை பற்றவைத்தல். அதோடு அதன் கதை முடிந்தது. வெடிக்காததை ஒதுக்கிவிடுவதே அறிவு. மனிதனுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. தவறிய பாடத்திற்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடைபெறுகிறது. கல்லூரியில் நிலுவைப் பாடத்தை அடுத்த பருவத்தில் எழுதலாம். படிப்பே இயல்பாக வரவில்லையென்றால், கைத்தொழில் கற்பிக்கும் நிலையங்கள் உண்டு. ஒரு வழி அடைபட்டால், அது சாப்ளினுக்கு நேர்ந்ததுபோல் "இது உன் வழி அன்று" என்ற செய்தியா, அல்லது "இன்னும் ஒருமுறை முயல்க" என்ற செய்தியா என்று ஆசிரியரோடும் பெற்றோரோடும் அமர்ந்து ஆராயுங்கள். தனியே இருந்து முடிவு செய்யாதீர்கள். தோற்ற அன்றே முடிவு செய்யாதீர்கள்.

தவறாமல் தேறியவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. உங்கள் வகுப்பில் தவறிய தோழனோ தோழியோ இருந்தால், மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கிய அன்றே அந்த வீட்டிற்குச் செல்லுங்கள். அறிவுரை கூற வேண்டா. உங்கள் குறிப்பேடுகளைக் கொடுங்கள். துணைத் தேர்வு முடியும் வரையில் நாள்தோறும் ஒரு மணி நேரம் உடன் அமர்ந்து படியுங்கள். மதுரம் அம்மையாரும் சகஸ்ரநாமமும் செய்த தொண்டு இதுவே. நண்பன் வர இயலாத காலத்தில் அவனுடைய இடத்தை வெறுமையாகாமல் காத்தார்கள். வந்ததும், "இதோ உன் மேடை" என்று காட்டினார்கள். விடாமுயற்சி என்பது விழுந்தவர் ஒருவரின் பொறுப்பு மட்டும் அன்று. உடன் நிற்பவர்களின் பொறுப்பும் ஆகும்.